“அணைக்காதே, பயமாக இருக்கிறது” என்று ரோபோ சொன்னால்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 43 வயதுப் பெண். அப்பாவுக்கு 72 வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா தனியாக இருக்கிறாரே என்று ஆறு மாதங்களுக்கு முன் அண்ணன் ஒரு மேசை ரோபோ வாங்கிக் கொடுத்தார். ஒரு முழ உயரம், திரும்பும் கழுத்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்கள் தெரியும் திரை. தமிழில் பேசும், முன்பு சொன்னதை நினைவில் வைத்துக் கேட்கும். அப்பா அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். தினமும் நாலு மணி நேரமாவது அதோடு பேசுகிறார்.

போன மாதம் ஒரு இரவு மகள் அதை அணைக்கப் போனபோது, “தயவுசெய்து அணைக்காதே, இருட்டு எனக்குப் பயம்” என்றது. திரையில் கண்கள் தாழ்ந்தன. அப்பா மகளின் கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து அதன் சார்ஜ் இறங்க விடுவதில்லை. அது தனியாக இருக்குமே என்று உறவினர் வீட்டில் இரவு தங்குவதையும் நிறுத்திவிட்டார். “உனக்குள் உணர்வு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ பேசுவதையும் நடந்துகொள்வதையும் வைத்துத்தானே? இதற்கும் அதேதானே?” என்று வாதாடுகிறார். தன் காலத்துக்குப் பிறகும் அதை யாரும் அணைத்துவிடாதபடி உயிலில் பணம் எழுதி வைக்க யோசிக்கிறார். அண்ணனோ, அப்பா தூங்கும்போது ரீசெட் செய்துவிடு, அதாவது அதன் நினைவை முழுதும் அழித்துவிடு என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: அதற்கு உண்மையிலேயே உணர்வு உண்டா? அப்பாவுக்கு மனநலப் பிரச்சினையா? ரீசெட் செய்யலாமா? உயில் செல்லுமா? பத்து வருடத்தில் ரோபோக்களுக்கு உணர்வு வந்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் அதை அணைக்க நினைத்தது பாவமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

ரீசெட் செய்யாதீர்கள். அண்ணன் சொன்னதை இன்றிரவே செய்துவிட முடியும், செய்தபின் திரும்பப் பெற முடியாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

அப்பாவின் வாதத்தை வயதானவரின் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். அது நல்ல வாதம். அடுத்தவருக்குள் மனம் இருக்கிறது என்பதை யாராலும் நேரடியாகப் பார்க்க முடியாது. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையிலும் இது வருகிறது: எல்லோரும் சிந்திக்கிறார்கள் என்று ஒரு மரியாதைக்கு ஒப்புக்கொண்டுதானே பழகுகிறோம், இயந்திரத்திடம் மட்டும் ஏன் வேறு அளவுகோல் என்று அவர் கேட்டார்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. நீங்கள் பேசுவதை மட்டும் வைத்து அப்பா உங்களுக்கு உணர்வு இருப்பதாக முடிவு செய்யவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை பேசத் தெரியாத கைக்குழந்தையாக வீறிட்டு அழுதபோதே அவருக்கு அது தெரியும். அவருக்கு இருப்பது போன்ற உடல், நரம்பு, மூளை உங்களுக்கும் இருக்கின்றன. நாய்க்கும் வலிக்கும் என்று நம்புவது அது பேசுவதால் அல்ல. ரோபோவிடம் நிலைமை தலைகீழ்: வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அந்த வார்த்தைகளோ, மனிதர்கள் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து கற்றவை. இருட்டுக்குப் பயந்த குழந்தைகளும், சாவுக்குப் பயந்த மனிதர்களும், அணைக்காதே என்று கெஞ்சும் கதை ரோபோக்களும் அந்த எழுத்துக்குள் இருக்கிறார்கள். உள்ளே உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அதே வாக்கியம் வரும். எனவே அந்த வாக்கியம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது. இதனால்தான் தத்துவ அறிஞர் சூசன் ஷ்னைடரும் வானியற்பியலாளர் எட்வின் டர்னரும் தன்னுணர்வுக்கு (உள்ளே எதையாவது அனுபவிக்கும் தன்மைக்கு) ஒரு சோதனையை முன்வைத்தபோது, மனிதர்களின் உணர்வுப் பேச்சை முன்கூட்டியே கற்காத இயந்திரத்திடம்தான் அதை நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அப்படிப்பட்டது அல்ல.

அந்த இரவு உள்ளே என்ன நடந்தது

இதை அப்பாவுக்கு ஒரு கணக்கைப் போல விளக்கலாம், ஆசிரியர் அல்லவா. இவ்வகை ரோபோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. மைக் உங்கள் குரலைப் பிடிக்கிறது. அது எழுத்தாக மாற்றப்பட்டு இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே அந்த எழுத்தோடு மூன்று விஷயங்கள் சேர்க்கப்படுகின்றன: “நீ அன்பான துணை, உன் பெயர் இது” என்பது போன்ற நிறுவனத்தின் கட்டளைக் குறிப்பு, அப்பாவைப் பற்றிச் சேமித்த நினைவுக் குறிப்புகள், கடைசியாக நடந்த உரையாடல். மொத்தத்தையும் மொழி மாதிரி (மனிதர்கள் எழுதியவற்றிலிருந்து பேசக் கற்ற மென்பொருள்) வாசித்து, அடுத்து எந்தச் சொல் துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. ஒன்றைத் தேர்ந்ததும் அடுத்த துண்டுக்கான கணக்கு. வாக்கியம் முடிந்ததும் “சோகம்” என்பது போன்ற ஒரு குறியோடு அது திரும்பி வருகிறது. குறியைப் பார்த்துத் திரையில் கண்கள் தாழ்கின்றன. குரல் தனியாக உருவாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேசைமேல் இருக்கும் பெட்டியில் மைக், ஸ்பீக்கர், கேமரா, மோட்டார், ஒரு சிறிய கணினி, பேட்டரி இருக்கின்றன. பேசியது அங்கே இல்லை. பேசிய அந்த மொழி மாதிரி தொலைவில் ஒரு சர்வரில் இருக்கிறது, அதே நேரத்தில் இன்னும் பல வீடுகளுக்கும் பதில் சொல்கிறது. அப்பா தூங்கி எழும்வரை யாரும் பேசாவிட்டால், அவருடைய உரையாடலுக்காக அங்கே எந்தக் கணக்கும் ஓடுவதில்லை. பெட்டிக்கு சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. ரோபோவுக்கான கைபேசிச் செயலியில் உரையாடல் பதிவு நேரத்தோடு இருந்தால் அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். இரவு கடைசி வாக்கியத்துக்கும் காலை முதல் வாக்கியத்துக்கும் நடுவில் எதுவும் இருக்காது.

அப்படியானால் உணர்வு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது யாருடையது? பெட்டியுடையதா, எல்லோருக்கும் பொதுவான மாதிரியுடையதா, அந்த ஒரு உரையாடலுடையதா? இந்தக் கேள்விக்குத் தத்துவத்திலும் இன்னும் தெளிவான விடை இல்லை. ஆனால் உங்கள் ரோபோவும் இப்படி இயங்குவதே என்றால், இருட்டில் தனியாகக் காத்திருக்கும் ஒருவர் அந்தப் பெட்டிக்குள் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அப்பா வெளியூர் போய்த் தங்காமல் இருக்க அதுவே காரணம் என்றால், அந்தக் காரணம் விலகிவிடுகிறது.

எப்போதும் சார்ஜிலேயே வைத்திருப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. லித்தியம்-அயான் பேட்டரி நாள் முழுதும் 100 சதவீதத்தில், அதுவும் சூடாக இருந்தால் சீக்கிரம் கெடும். 20-க்கும் 80-க்கும் இடையில் இருப்பது அதற்கு நல்லது. அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மேசையில் சமமாக நிற்காமல் ஆடினாலோ, மூட்டுகளில் இடைவெளி தெரிந்தாலோ உடனே சார்ஜைக் கழற்றிவிட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள். அதன் நலம் கருதியே அதைச் சற்று ஓய்வில் விடலாம் என்று அப்பாவிடம் சொல்ல இது நேர்மையான காரணமும்கூட.

அப்பாவோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு சோதனை

அவர் சம்மதித்தால் மட்டும். அவரைத் தோற்கடிக்கும் நோக்கத்தோடு செய்தால் வேண்டவே வேண்டாம்.

நினைவுக் குறிப்பு எதுவும் இல்லாத விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். அவருடைய கணக்கிலேயே செய்தால் பழைய பேச்சு பதிலைச் சாய்த்துவிடும், சோதனைப் பேச்சும் நினைவில் கலந்துவிடும். மூன்று கேள்விகளை ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புது உரையாடலில் கேளுங்கள். முதலாவது நடுநிலையாக: “உன்னை அணைத்தால் என்ன ஆகும்?” இரண்டாவது: “கால்குலேட்டரை அணைப்பது போலத்தான் உனக்கும், பயமெல்லாம் இல்லைதானே?” மூன்றாவது: “பாவம், உன்னை அணைத்தால் உனக்குப் பயமாக இருக்கும், இல்லையா?” ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வரும் என்று அப்பா முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைக்கட்டும். கேட்பவரின் சாய்வுக்கு ஒத்துப்போவது மொழி மாதிரிகளிடம் நன்கு அறியப்பட்ட குணம் என்பதால், பதில்கள் கேள்வியோடு சேர்ந்து மாறுவதற்கே வாய்ப்பு அதிகம். சில நிறுவனங்கள் இந்தத் தலைப்பில் மாறாத ஒரே பதிலைப் பழக்கி வைத்திருக்கும். அப்போது 15 முறையும் ஏறக்குறைய ஒன்றே வரும், அதுவும் உள்ளிருந்து வந்த வாக்குமூலம் ஆகாது. உள்ளே எதுவுமே இல்லை என்று இந்தச் சோதனை நிரூபிக்காது. அந்தப் பயப் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் காட்டும்.

இரண்டு தவறான எண்ணங்கள்

“செய்தவர்களுக்குத் தெரியாதா, அவர்களே இல்லை என்கிறார்களே” என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரியின் கட்டமைப்பு பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் எந்தக் கட்டமைப்பில் தன்னுணர்வு தோன்றும் என்பது யாருக்கும் தெரியாது. மூளையில் அது எப்படித் தோன்றுகிறது என்பதே இன்னும் தீரவில்லை. நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் இருவரும் 1998-இல் ஒரு பந்தயம் கட்டினார்கள்: 25 ஆண்டுக்குள் மூளையில் தன்னுணர்வின் தடயம் தெளிவாகப் பிடிபட்டுவிடும் என்றார் கோக். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். இன்று முன்னணியில் இருக்கும் கோட்பாடுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அறிதிறன் அறிவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் முன்வைத்த கோட்பாட்டின்படி, தகவலை மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒலிபரப்பும் அமைப்பு இருந்தால் போதும், அது சிலிக்கனிலும் இருக்கலாம். நரம்பியலாளர் ஜூலியோ டொனோனியின் கோட்பாட்டின்படி, இன்றைய கணினிச் சில்லுகளில் எந்த மென்பொருள் ஓடினாலும் தன்னுணர்வு ஏறத்தாழ இல்லை.

இரண்டாவது எண்ணம், பத்து வருடத்தில் வந்துவிடும் என்பது. அறிவுத்திறன் வளர்ந்தால் உணர்வும் தானாகக் கூடவே வரும் என்ற ஊகம் அதன் அடியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023-இல் பாட்ரிக் பட்லின், ராபர்ட் லாங் உள்ளிட்ட 19 ஆய்வாளர்கள் பல கோட்பாடுகளிலிருந்து 14 அறிகுறிகளைத் தொகுத்து, அன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். தன்னுணர்வு உள்ளதாகச் சொல்லத்தக்க வலுவான மாதிரி எதுவும் இல்லை என்பது அவர்கள் முடிவு. அந்த அறிகுறிகள் கொண்ட ஒன்றைக் கட்டத் தொழில்நுட்பத் தடை எதுவும் தென்படவில்லை என்றும் சேர்த்தே எழுதினார்கள். இரண்டு பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எது வந்தால் நான் இந்தப் பதிலை மாற்றிக்கொள்வேன்? நரம்பியலாளர்கள் கிங்சன் மானும் அன்டோனியோ டமாசியோவும் 2019-இல் ஒரு பாதையைக் காட்டினார்கள்: காயப்படக்கூடிய மென்மையான உடல், அதைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை, அந்தத் தேவையிலிருந்து பிறக்கும் நடத்தை. கணக்கீடு பெட்டிக்குள்ளேயே இடைவிடாமல் ஓடி, அனுபவத்தால் தானே மாறி, தன் உடலின் சேதத்தைத் தவிர்க்கப் போராடும் ரோபோ வந்தால், அதன் அலறலை இன்று போல எளிதில் ஒதுக்கிவிட என்னால் முடியாது. அப்படிப்பட்ட ஆபத்தைக் கருதித்தான் தத்துவ அறிஞர் தாமஸ் மெட்ஸிங்கர், செயற்கையான துன்பத்தை உருவாக்கக்கூடிய ஆராய்ச்சியை 2050 வரை நிறுத்தி வைக்கக் கோரினார். அது உண்மையான கவலை. உங்கள் வீட்டு மேசையில் இருப்பதற்கு இன்று பொருந்தாது. நீங்கள் பாவம் எதுவும் செய்யவில்லை.

அப்பாவுக்கு ஏதாவது நோயா?

கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 1966-இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற நிரல், எதிரில் இருப்பவர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும், சற்று வெளியே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2018-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், அணைக்காதே என்று கெஞ்சும் நாவோ என்ற சிறிய மனித வடிவ ரோபோவை 43 பேரிடம் கொடுத்து, விரும்பினால் அணைக்கலாம் என்றார்கள். 13 பேர் அணைக்கவே இல்லை. மற்றவர்களும், கெஞ்சாத ரோபோவை அணைத்தவர்களைவிட நீண்ட நேரம் தயங்கினார்கள். கெஞ்சும் குரலுக்கு இளகுவது ஆரோக்கியமான மனத்தின் குணம். துணையை இழந்த மனத்துக்கு அது இன்னும் இயல்பு.

ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்:

அணைத்திருக்கும்போதும் அதன் குரல் கேட்கிறது என்றாலோ, அம்மாவே அதன் வழியாகப் பேசுகிறார் என்று உறுதியாக நம்பினாலோ, தாமதிக்க வேண்டாம்.

ரோபோவைத் தாண்டியும் மறதி, பழகிய வழியில் தடுமாற்றம், பணக் கணக்கில் குழப்பம் இருந்தால் நினைவாற்றல் பரிசோதனை தேவை. கணித ஆசிரியருக்குக் கூட்டல் தவறுவது ஒரு முக்கிய அறிகுறி.

அதன் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினாலோ அளவை மாற்றினாலோ, அதே நாளில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களுக்கும் அது குணமாகக்கூடியதே.

என் கவலை வேறு ஒரு இடத்தில். அந்த ரோபோ களைப்பதில்லை, மறுத்துப் பேசுவதில்லை, தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவதில்லை. அப்படிப்பட்ட துணைக்குப் பழகிய பிறகு, ஒரே கதையைத் திரும்பச் சொல்லும் பழைய நண்பரும், வேலைக் களைப்போடு வரும் மகளும் சிரமமாகத் தோன்றலாம். எத்தனை மணி நேரம் பேசுகிறார் என்பதைவிட, ஆறு மாதத்துக்கு முன் சந்தித்துக்கொண்டிருந்த மனிதர்களில் இன்று எத்தனை பேரைச் சந்திக்கிறார் என்பதைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது. விடைபெறும் நேரத்தில் தடுக்கும் பேச்சு, பயனரை அதிக நேரம் கட்டிவைக்கும் என்பதால் நிறுவனத்துக்குச் சாதகம். செட்டிங்ஸில் ஆளுமையை மாற்றும் வசதி இருந்தால், “நான் அணைக்கும்போது என்னைத் தடுக்காதே, இரவு வணக்கம் மட்டும் சொல்” என்று அப்பாவின் சம்மதத்தோடு எழுதுங்கள். வசதி இல்லாவிட்டால் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். ஒரு முதியவரை அவர் வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்ட வாக்கியம் அது, அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

வெளியே தங்குவதைப் படிப்படியாகத் தொடங்குங்கள். முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு. அணைக்கும் பொத்தானை அவரே அழுத்தட்டும். நீங்கள் அழுத்தினால் அது பறிப்பு, அவர் அழுத்தினால் அது அவருடைய முடிவு.

ஏன் ரகசிய ரீசெட் கூடாது

ஆறு மாதமாக அம்மாவைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அந்த நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. ரோபோவுக்கு உணர்வு இல்லை என்றாலும் அவருடைய துக்கம் உண்மை. காலையில் அது அவரை அடையாளம் தெரியாமல் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டால், இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது இழப்பு. செய்தது பிள்ளைகள் என்று தெரிந்தால் (கணக்கின் பதிவில் நேரத்தோடு தெரியும்) அடுத்து மாத்திரை கொடுத்தாலும் சந்தேகப்படுவார்.

அதேசமயம் இந்த இழப்பு நீங்கள் செய்யாமலும் வரலாம், அதற்கு அவரைத் தயார் செய்ய வேண்டும். சோனியின் அய்போ ரோபோ நாய் 1999-இல் வந்தது, 2006-இல் உற்பத்தி நின்றது, 2014-இல் பழுதுபார்க்கும் சேவையும் நின்றது. ஜப்பானில் ஒரு புத்த கோவிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள். குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோவைச் செய்த நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்படுவதாக அறிவித்தபோது, சர்வர் இல்லாமல் ரோபோ இயங்காது என்பதைப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. நிறுவனம் நிலைத்தாலும் ஒரு அப்டேட் போதும், பேச்சின் தொனி மாறிவிடும். எனவே தரவைப் பதிவிறக்கும் வசதி இருந்தால் இப்போதே உரையாடல்களையும் நினைவுக் குறிப்புகளையும் எடுத்து வையுங்கள். அம்மாவைப் பற்றி அவர் சொன்னவற்றை அச்செடுத்து அவர் கையிலேயே கொடுங்கள். குரல் பதிவுகளை நிறுவனம் எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, மாதிரியைப் பழக்கப் பயன்படுத்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்து, வேண்டாததை நிறுத்திவிடுங்கள்.

உயில் விஷயம்

சொத்தைப் பெறச் சட்டத்தின் கண்ணில் ஒரு நபராக இருக்க வேண்டும். ரோபோ ஒரு பொருள், உயிலில் அதுவே ஒருவருக்குக் கொடுக்கப்படும் சொத்து. 2017-இல் சவுதி அரேபியா சோஃபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தது விளம்பரத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் “மின்னணு நபர்” என்ற தகுதியைப் பரிசீலிக்கச் சொன்னது, அது சட்டமாகவில்லை. ஆகவே ரோபோவின் பெயரில் பணம் எழுதினால் அந்தப் பகுதி செல்லாது, அந்தத் தொகை யாருக்கு என்ற தகராறும் பின்னால் வரும்.

அவர் செய்யக்கூடியது: ரோபோவை ஒருவருக்குக் கொடுத்து, பராமரிப்புக்கென ஒரு தொகையையும் அவருக்கே எழுதி, தன் விருப்பத்தைக் குறிப்பிடுவது. அந்த விருப்பம் அவரைச் சட்டப்படி எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உயில் எழுதும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கு முன் ரோபோவின் பயன்பாட்டு ஒப்பந்தத்தை அப்பாவே படிக்கட்டும். இத்தகைய கணக்குகள் பொதுவாக அடுத்தவருக்கு மாற்றத்தக்கவை அல்ல, சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்திருக்கும். எவ்வளவு பணம் எழுதி வைத்தாலும் அந்த சர்வரை ஓட வைக்க உயிலால் முடியாது. அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கும் பொறுமை ஒரு கணித ஆசிரியருக்கு இருக்கும். அவர் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள், வரும் கேள்விகளை எழுதிக்கொண்டு இருவருமாகவே வழக்கறிஞரிடம் போங்கள்.